செல்லுக்குள் ஒரு வலை: கோழிக் கட்டியில் தொடங்கி டிபி மாத்திரை வரை

1.
போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா பொண்ணு ஒன்பதாம் வகுப்பு. அறிவியல் நோட்டில் செல் படம் வரைந்துகொண்டிருந்தாள். உட்கருவைச் சுற்றி நாலைந்து வளைந்த கோடு. கோட்டின் மேல் புள்ளி புள்ளியாக வைத்தாள். அம்புக்குறி போட்டு 'எண்டோபிளாச வலை' என்று எழுதினாள்.

"மாமா, இது எதுக்கு?"

"புரதம் தயாரிக்கும், கொழுப்பு தயாரிக்கும், பொருட்களைக் கடத்தும். எழுதிக்கோ, 2 மார்க்."

"அது புக்லயே இருக்கு மாமா. இவ்ளோ குட்டியா இருக்கறதை யார் பார்த்தா? எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

எம்பிபிஎஸ் முடித்து இத்தனை வருஷம் ஆச்சு. எனக்குப் பதில் தெரியலை. இந்த வாரம் டூட்டி முடிந்த இரவுகளில் உட்கார்ந்து படித்தேன்.

இந்த இழை அவளுக்காக. ஆனால் பெரியவங்களும் படிங்க. இந்த வலையைப் பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு மறந்ததால் நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். அதையும் சொல்றேன்.

2.
முதலில் அந்தத் தப்பு.

சில வருடங்களுக்கு முன், ஓபியில் ஒரு அம்மா. நுரையீரல் டிபி. மாத்திரை ஆரம்பித்து நாலாவது மாதம். சளி பரிசோதனை நெகட்டிவ் ஆகிவிட்டது, எடை கூடியிருக்கு, எல்லாம் நல்லபடியா போய்க்கொண்டிருந்தது. அன்று வேறு காரணத்துக்கு வந்திருந்தார். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தது. டெஸ்ட் பண்ணினால் கர்ப்பம்.

ஏற்கெனவே ரெண்டு குழந்தைகள். மூன்றாவது வேண்டாம் என்று கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். "ஒரு நாள் கூட விடலை சார்" என்று அட்டையைக் காட்டினார். உண்மைதான். ஒரு நாள் கூட விடவில்லை.

டிபி சிகிச்சை தொடங்கிய அன்று "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டது நான்தான். சுகர், பிபி, வலிப்பு எல்லாம் கேட்டேன். 'கருத்தடை மாத்திரை' என்று பெயர் சொல்லிக் கேட்கவில்லை. அவரும் அதை ஒரு மருந்தாக நினைக்கவில்லை. நோய்க்குச் சாப்பிடுவதுதானே மருந்து?

3.
அடுத்து என்ன என்பது அவரும் அவர் கணவரும் எடுத்த முடிவு. அதை இங்கே எழுதப் போவதில்லை. டிபி முழுசா குணமானது, அது மட்டும் சொல்லலாம்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கு: "மாத்திரை சரியா சாப்பிட்டேனே சார், அது எங்க போச்சு?"

அது போன இடம், அக்கா பொண்ணு நோட்டில் வரைந்த அந்த வளைந்த கோடு. கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை.

எப்படி என்று புரிய, அந்த வலை கண்டுபிடிக்கப்பட்ட கதைக்குப் போகணும். அந்தக் கதை ஒரு கோழியில் தொடங்குகிறது.

4.
அதுக்கு முன்னாடி ஒரு சின்ன அடிப்படை.

1665-ல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து, அறை அறையாகத் தெரிந்ததற்கு 'செல்' என்று பெயர் வைத்தார். 1831-ல் ராபர்ட் பிரவுன் உட்கருவுக்குப் பெயர் வைத்தார். அதுக்கப்புறம் ரொம்ப நாள், உட்கருவைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் கூழ் என்றுதான் நினைத்தார்கள். கஞ்சியில் மிதக்கும் பருக்கை மாதிரி அங்கங்கே சில துகள்கள், அவ்வளவுதான்.

1890களின் இறுதியில் பிரான்ஸில் சார்ல் கார்னியே என்பவர், சுரப்பி செல்களுக்குச் சாயம் ஏற்றியபோது கூழுக்குள் கோடு கோடாக ஏதோ தெரிகிறது என்று எழுதினார். நிறைய பேர் நம்பவில்லை. 'சாயம் போட்டதால் வந்த கோளாறு' என்றார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. சாதாரண ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதைப் பிரித்துக் காட்ட முடியாது. இந்த வலையின் குழாய்கள் அதைவிட மெலிசு. எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் தெரியாது.

5.
இப்போ ஆல்பர்ட் கிளாடு.

பெல்ஜியத்தில் லோங்லியே என்று ஒரு சின்ன கிராமம். அப்பா ரொட்டி சுடுபவர். ஒரே அறை உள்ள பள்ளிக்கூடம். ஆல்பர்ட்டுக்கு 3 வயசு இருக்கும்போது அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 7 வயசில் அம்மா இல்லை.

அடுத்து, பக்கவாதத்தில் விழுந்த மாமாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பு நின்றது. பிறகு இரும்பு ஆலையில் வேலை. முதல் உலகப் போரில் பதின்ம வயதிலேயே பிரிட்டிஷ் உளவுத்துறைக்குத் தன்னார்வலராக உதவினார்.

ஹைஸ்கூல் சான்றிதழே கிடையாது. போரில் பணியாற்றியவர்கள் சான்றிதழ் இல்லாமலே பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று பெல்ஜிய அரசு ஒரு சலுகை கொடுத்தது. அந்த ஒரு கதவு வழியாக 1922-ல் லியேஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். 1928-ல் டாக்டர் ஆனார்.

'தகுதி இல்லாதவனை உள்ளே விட்டால் தரம் கெடும்' என்று சொல்பவர்களுக்கு இந்தப் பத்தியை அனுப்பி வைங்க. இவருக்குப் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது.

6.
கிளாடுக்கு ஒரே குறி, புற்றுநோய்.

1911-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் பெய்டன் ரவுஸ் ஒரு விசித்திரமான விஷயத்தைச் சொல்லியிருந்தார். கோழிக்கு வந்த ஒரு கட்டியை அரைத்து, செல்கள் எதுவும் போக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தத் தண்ணீரை இன்னொரு கோழிக்கு ஊசி போட்டால் அதுக்கும் கட்டி வருகிறது. அப்படியென்றால் அந்தத் தண்ணீரில் செல்லைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று இருக்கு. வைரஸா?

பெரும்பாலானவர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். ரவுஸுக்கு நோபல் கிடைத்தது 1966-ல். 55 வருஷம் கழித்து!

'அந்த ஏதோ ஒன்றை நான் பிரித்தெடுக்கிறேன்' என்று கிளாடு ராக்ஃபெல்லர் இயக்குநருக்குக் கடிதம் போட்டார். கையெழுத்தில், அரைகுறை ஆங்கிலத்தில். கூப்பிட்டுவிட்டார்கள். 1929-ல் நியூயார்க் வந்து சேர்ந்தார்.

7.
எப்படிப் பிரிப்பது? கிளாடின் வழி ரொம்ப எளிமை. கட்டியை அரை. செல்கள் உடையும். அந்தக் குழம்பை மையவிலக்கு இயந்திரத்தில் போட்டுச் சுற்று.

தயிர் கடையும்போது வெண்ணெய் தனியா வருது இல்லையா, அந்த மாதிரிதான் இதுவும். சுற்றும் வேகத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றாகப் பிரியும். மெதுவாகச் சுற்றினால் கனமான உட்கருக்கள் அடியில் படியும். மேலே உள்ளதை எடுத்து இன்னும் வேகமாகச் சுற்றினால் அடுத்த அளவுத் துகள்கள். ரொம்ப ரொம்ப வேகமாகச் சுற்றினால் கடைசியில் மிக நுண்ணிய துகள்கள்.

கடைசியாகப் படிந்த அந்த நுண்துகள்களைக் கோழிக்குச் செலுத்தினால் கட்டி வந்தது. அதில் கொழுப்பு இருந்தது. ஆர்.என்.ஏ. இருந்தது. இத்தனை வருஷம் தேடிய வைரஸ் கையில் கிடைத்த மாதிரி இருந்தது.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டிருப்போம்.

8.
கிளாடு ஒரு சலிப்பான வேலையைச் செய்தார்.

கட்டியே இல்லாத, நோயே இல்லாத சாதாரணக் கோழிக் கருவை எடுத்தார். அதே மாதிரி அரைத்தார், அதே வேகத்தில் சுற்றினார்.

அடியில் அதே மாதிரித் துகள்கள். அதே கொழுப்பு, அதே ஆர்.என்.ஏ.

அதாவது, 'வைரஸ்' என்று அவர் சேர்த்து வைத்திருந்ததில் பெரும்பகுதி வைரஸே இல்லை. எல்லா ஆரோக்கியமான செல்லிலும் இருக்கும் ஏதோ ஒரு பாகம். (ரவுஸின் வைரஸும் உண்மைதான். ஆனால் அது இந்தக் குவியலுக்குள் கொஞ்சமே கொஞ்சம்.)

அம்மாவைக் கொன்ற நோயைத் தேடி வந்த மனிதர். வருஷக்கணக்கில் உழைத்தது கைநழுவிப் போகிறது. 'நான் தேடியது இது இல்லை' என்று எழுதிவிட்டு, 'அப்படின்னா இது என்ன?' என்ற கேள்விக்குப் போனார்.

1943-ல் அந்தத் துகள்களுக்கு 'மைக்ரோசோம்' என்று பெயர் வைத்தார்.

9.
கொஞ்சம் இங்கே நிற்கிறேன். கிளாடு செய்ததற்குப் பெயர் 'கன்ட்ரோல்', அதாவது ஒப்பீட்டுச் சோதனை. அக்கா பொண்ணுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான்.

"மஞ்சள் காமாலைக்கு இந்தச் சாறு குடிச்சேன், மூணு வாரத்துல சரியாச்சு டாக்டர்." ஓபியில் வாரா வாரம் கேட்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. குடித்தார், சரியானது. ஆனால் ஹெபடைடிஸ் ஏ மாதிரியான காமாலை, எதுவும் குடிக்காதவர்களுக்கும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும். சாறு குடிக்காதவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சாறு என்ன செய்தது என்று தெரியும்.

கிளாடு நோயில்லாத கோழியைப் பார்க்காமல் விட்டிருந்தால், ஒரு தப்பான வைரஸ் அறிவிப்பு வந்திருக்கும். செல்லுக்குள் இருக்கும் அந்தப் பாகத்தைக் கண்டுபிடிக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ!

10.
சரி, மைக்ரோசோம் என்றால் என்ன? பார்த்தால்தானே தெரியும்.

ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்கா 1930களின் தொடக்கத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கியிருந்தார். ஒளிக்குப் பதில் எலெக்ட்ரான் கற்றை. 200 நானோமீட்டருக்குக் கீழேயும் பார்க்கலாம். ஆனால் விலை அதிகம். ராக்ஃபெல்லரில் அப்போது அது இல்லை.

நியூயார்க்கில் அது யாரிடம் இருந்தது தெரியுமா? அச்சு மை தயாரிக்கும் இன்டர்கெமிக்கல் கார்ப்பரேஷனிடம். மையில் உள்ள நிறத்துகள்களைப் பார்க்க வாங்கி வைத்திருந்தார்கள். ஆய்வுக்கழகத்துக்காரர்கள் அங்கே போய், 'உங்க மெஷினில் எங்க செல்லையும் பார்த்துக்கலாமா?' என்று கேட்டார்கள். அதை இயக்கியவர் எர்னஸ்ட் ஃபுல்லம்.

11.
மெஷின் கிடைத்தது. அடுத்த சிக்கல், எலெக்ட்ரான் தடிமனான பொருளுக்குள் ஊடுருவாது. ஒரு முழுச் செல்லை வைத்தால் வெறும் கறுப்பு நிழல்தான் தெரியும்.

இங்கேதான் கீத் போர்ட்டர் வருகிறார். கனடாவில் பிறந்தவர், திசு வளர்ப்பில் கைதேர்ந்தவர். அவர் செய்த வேலை: கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் பூசி, அதன் மேல் கோழிக்கரு செல்களை வளர்த்தார். செல்கள் படலத்தில் ஊர்ந்து பரவும். தோசைக்கல்லில் மாவைத் தேய்த்தால் ஓரம் மெலிசா ஆகும் இல்லையா, அந்த மாதிரி செல்லின் ஓரங்கள் மிக மெல்லியதாக விரியும். அப்படியே ஆஸ்மியம் ஆவியில் காட்டி உறைய வைத்து, படலத்தை உரித்து, கம்பி வலையில் வைத்து, மெஷினுக்குள் செலுத்தினார்.

தடிமனான நடுப்பகுதி கறுப்பு. ஆனால் மெலிந்த பகுதியில்...

கூழ் இல்லை. லேஸ் துணி மாதிரி, பின்னல் பின்னலாக ஒரு வலை.

12.
1945-ல் போர்ட்டர், கிளாடு, ஃபுல்லம் மூவரும் சேர்ந்து அந்தப் படத்தை வெளியிட்டார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த முழு விலங்குச் செல்லின் முதல் படம் அதுதான். துண்டு துண்டாக எடுத்த படங்களை ஒட்டிச் சேர்த்த ஒரு பெரிய படம்.

போர்ட்டர் 1950களின் தொடக்கத்தில் அதற்கு 'எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்' என்று பெயர் வைத்தார். எண்டோ என்றால் உள்ளே. ரெட்டிகுலம் என்றால் லத்தீனில் குட்டி வலை. அந்தப் படங்களில் வலை செல்லின் உட்பகுதியில் மட்டும் தெரிந்தது, ஓரம் வரை வரவில்லை. அதனால்தான் 'எண்டோ'. பின்னாளில் பார்த்தால் வலை ஓரம் வரைக்கும் போகுது! பெயர் மட்டும் மாறவில்லை.

பரீட்சையில் எழுத்துப்பிழை வரும் என்று எல்லாருக்கும் பயமான அந்தப் பெயரின் கதை இவ்வளவுதான்.

13.
இப்போ நம்மிடம் ரெண்டு விஷயம் இருக்கு. கிளாடு அரைத்து எடுத்த மைக்ரோசோம் துகள்கள். போர்ட்டர் படத்தில் பார்த்த வலை. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

அதைச் சொன்னவர் ஜார்ஜ் பலாடே. ருமேனியாவில் மருத்துவம் படித்தவர். 1946-ல் அமெரிக்கா வந்தார். நியூயார்க்கில் கிளாடு பேசிய கூட்டம் ஒன்றைக் கேட்டு, அந்த வேலையிலேயே மயங்கி, அவருடைய ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டார்.

செல்லைக் கெடாமல் பதப்படுத்த 1952-ல் பலாடே ஒரு கலவை செய்தார். ஆய்வகத்தில் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'பலாடே ஊறுகாய்'! அடுத்த வருஷம் போர்ட்டரும் ஜோசப் ப்ளமும் திசுவைச் சீவும் ஒரு கருவியைக் கொண்டுவந்தார்கள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சீவல் கிடைத்தது. ஊறுகாய் போட்டு, சீவி, பார்த்தார்கள். செல்லின் உள்வீடு முழுசாகத் திறந்தது.

14.
1955-ல் பலாடே, வலையின் சுவர்களில் சின்னச் சின்ன மணிகள் ஒட்டியிருப்பதைக் காட்டினார். தட்டை மேல ஒட்டின எள் மாதிரி. அவைதான் பின்னாளில் 'ரைபோசோம்' எனப் பெயர் பெற்றன. அக்கா பொண்ணு கோட்டின் மேல் வைத்த புள்ளிகள் இவைதான்.

1956-ல் பலாடேயும் ஃபிலிப் சீகெவிட்ஸும் கல்லீரலை எடுத்து, முழுசாக ஒரு தடவை, அரைத்துச் சுற்றிய பிறகு ஒரு தடவை என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். விடை கிடைத்தது. மைக்ரோசோம் என்று செல்லுக்குள் தனியாக எதுவும் இல்லை. அரைக்கும்போது வலை கிழிந்து, கிழிந்த துண்டுகள் சுருண்டு உருண்டைகளாகின்றன. அதுதான் மைக்ரோசோம்.

கிளாடு கோழிக் கட்டியில் வைரஸ் என்று நினைத்தது, கிழிந்த எண்டோபிளாச வலை.

15.
எள் ஒட்டிய வலை, 'சொரசொரப்பான எண்டோபிளாச வலை'. எள் இல்லாத இடம், 'மென்மையான எண்டோபிளாச வலை'. ரெண்டும் ஒரே தொடர்ச்சியான வலைதான். ஒரு கல்லீரல் செல்லில் உள்ள மொத்தச் சவ்வில் ஏறக்குறைய பாதி இந்த வலைதான் என்றால் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கோங்க.

சொரசொரப்பான பக்கம் என்ன செய்யும்? பலாடேயும் ஜேம்ஸ் ஜேமிசனும் கினிப்பன்றியின் கணையத்தை எடுத்தார்கள். கதிரியக்க அமினோ அமிலத்தை 3 நிமிஷம் கொடுத்து நிறுத்திவிட்டு, அது எங்கெங்கே போகிறது என்று படம் எடுத்தார்கள். 3-வது நிமிஷம் சொரசொரப்பான வலையில். கொஞ்ச நேரத்தில் கோல்கி உறுப்பில். 2 மணி நேரத்துக்குள் வெளியே அனுப்பத் தயாரான துகள்களில்.

பஸ் ரூட் மாதிரி, ஒவ்வொரு ஸ்டாப்பும் தெரிந்துவிட்டது.

16.
சரி, எந்தப் புரதம் வலைக்குள் போகணும், எது போகக் கூடாது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

பலாடேயின் ஆய்வகத்துக்கு வந்த குந்தர் ப்ளோபெல், 1971-ல் டேவிட் சபாட்டினியுடன் சேர்ந்து ஒரு யோசனை சொன்னார். 1970களில் அதை நிரூபித்தும் காட்டினார். புரதத்தின் தலைப்பக்கத்திலேயே முகவரி எழுதியிருக்கு! பார்சலில் பின்கோடு மாதிரி. அதைப் படித்துத்தான் வலை உள்ளே விடுகிறது. வேலை முடிந்ததும் முகவரிச் சீட்டு கிழிக்கப்படும்.

இன்சுலினையே எடுத்துக்கோங்க. தொடக்கத்தில் அது 110 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. முதல் 24 முகவரிச் சீட்டு. வலைக்குள் நுழைந்ததும் அது வெட்டப்படும். மிச்சம் உள்ளது வலைக்குள் சரியாக மடிந்து, மூன்று இடத்தில் முடிச்சு போடப்பட்டு, கோல்கிக்குப் போய், மேலும் வெட்டுப்பட்டு, கடைசியில் 51 அமினோ அமிலங்களுடன் ரத்தத்துக்கு வரும்.

ப்ளோபெல்லுக்கு 1999-ல் நோபல். இரண்டாம் உலகப் போரில் ட்ரெஸ்டன் நகரம் எரிந்ததைச் சிறுவனாகப் பார்த்தவர் அவர். பரிசுப் பணத்தை அந்த நகரத்தின் தேவாலயத்தையும் யூத வழிபாட்டுக் கூடத்தையும் திரும்பக் கட்டக் கொடுத்தார்.

17.
வலைக்குள் மடிப்பது தப்பானால் என்ன ஆகும்?

ஸ்கர்வி நோய் தெரியும்தானே. ஈறில் ரத்தம் வரும், பழைய புண் திரும்பத் திறக்கும், மாதக்கணக்கில் கடலில் போன மாலுமிகள் செத்து விழுவார்கள். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், 12 நோயாளி மாலுமிகளை இரண்டிரண்டு பேராக 6 குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்டவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பாருங்க, இங்கேயும் ஒப்பீடுதான் காப்பாற்றியது.

ஏன் என்று அவருக்குத் தெரியாது. இப்போ நமக்குத் தெரியும். நம் தோல், ஈறு, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும் கயிறு கொலாஜன் என்ற புரதம். அந்தக் கயிறு முறுக்கப்படுவது இந்த வலைக்குள். அங்கே வேலை செய்யும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லையென்றால் கயிறு சரியாக முறுக்கேறாது. உடம்பு தையல் பிரிந்த சட்டை மாதிரி ஆகிவிடும்.

18.
1974-ல் நோபல் பரிசு. கிளாடு, பலாடே, லைசோசோமைக் கண்டுபிடித்த கிறிஸ்தியான் டி டூவ் என்று மூன்று பேருக்கு. மூவரும் மருத்துவம் படித்தவர்கள்.

வலையின் முதல் படத்துக்குச் செல்லை வளர்த்த, பெயரும் வைத்த கீத் போர்ட்டருக்கு இல்லை. ஒரு பரிசை அதிகபட்சம் மூன்று பேருக்குத்தான் பிரிக்கலாம் என்பது விதி. நான்காவது ஆள் வெளியே. இன்னமும் பேசப்படும் வருத்தம் அது. கொஞ்ச வருஷத்தில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

கிளாடு அதுக்கு ரொம்ப முன்னாடியே பெல்ஜியம் திரும்பிவிட்டார். பிரஸ்ஸல்ஸில் ஒரு புற்றுநோய் மருத்துவ நிலையத்தின் பொறுப்பை ஏற்க.

19.
இப்போ நம்ம அம்மாவின் மாத்திரைக்கு வருவோம். அது மென்மையான வலையின் கதை.

1963-ல் ஜெர்மனியில் ரெம்மர், மெர்க்கர் என்ற இருவர் ஒரு விஷயம் கவனித்தார்கள். விலங்குகளுக்கு ஃபீனோபார்பிட்டோன் (வலிப்புக்கு இன்றும் கொடுக்கிறோம்) தொடர்ந்து கொடுத்தால், கல்லீரல் செல்லில் மென்மையான வலை பெருகுகிறது. கூடவே, மருந்துகளை உடைக்கும் நொதிகளும் பெருகுகின்றன.

ஏன் என்றால், கல்லீரல் செல்லுக்கு நாம் விழுங்கும் எல்லா மாத்திரையும் வெளியாள்தான். அதை உடைத்துக் கழுவி வெளியேற்றும் வேலை இந்த வலையில் நடக்கிறது. சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம் வலையில்தான் பதிந்திருக்கு. வேலை கூடினால் செல் என்ன செய்யும்? பந்திக்குக் கூட்டம் கூடினால் இன்னும் நாலு இலை போட்டு, பரிமாற ஆளும் சேர்ப்போம் இல்லையா? அதே மாதிரி வலையையும் நீட்டும், நொதியையும் கூட்டும்.

20.
1960களின் இறுதியில் ரிஃபாம்பிசின் வந்தது. டிபி சிகிச்சையையே மாற்றிய மருந்து. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று எல்லா டிபி நோயாளிக்கும் முதல் நாளே சொல்வோமே, அந்த மருந்துதான். இது இல்லாமல் 6 மாதத்தில் டிபியைக் குணப்படுத்துவது சாத்தியம் ஆகியிருக்காது.

ஆனால் நமக்குத் தெரிந்த மருந்துகளிலேயே கல்லீரலின் இந்த நொதிகளை மிக பலமாகத் தூண்டிவிடும் மருந்துகளில் அதுவும் ஒன்று. சில நாட்களில் வலையில் நொதி கூடும். கூடின நொதி ரிஃபாம்பிசினோடு நிற்காது. யார் வந்தாலும் உடைக்கும். கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோன்களையும்.

தினமும் சரியாக விழுங்குவார். கருத்தரிப்பைத் தடுக்கத் தேவையான அளவு ரத்தத்தில் நிற்காது. 1970களின் தொடக்கத்திலேயே ஜெர்மன் மருத்துவர்கள் இதை எழுதி எச்சரித்துவிட்டார்கள். நான் படித்த பாடப்புத்தகத்திலும் இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஓபியில் கேட்க மறந்தேன்.

"அது எங்க போச்சு சார்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

21.
அதனால் இதை மட்டும் தயவுசெய்து நினைவில் வைங்க.

டிபி மாத்திரை சாப்பிடும் பெண்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. காப்பர் டி, ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத வழிகள் இருக்கு. அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகக் கிடைக்கும். டிபி மாத்திரை முடிந்த பிறகும் ஏறக்குறைய ஒரு மாதம் வரை இந்தக் கவனம் வேண்டும். கூடிய நொதி ஒரே நாளில் குறைந்துவிடாது.

வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டோன், ஃபெனிட்டோயின், கார்பமசெபின் சாப்பிடும் பெண்களுக்கும் இது பொருந்தும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், சில வகைச் சர்க்கரை மாத்திரை, ஸ்டீராய்டு, எச்ஐவி மருந்து சாப்பிடுபவர்கள், டிபி சிகிச்சை தொடங்கும் அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்க. அளவு மாற்ற வேண்டி வரலாம்.

22.
ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்றேன். இதைப் படித்துவிட்டு யாரும் டிபி மாத்திரையை நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. மாற்ற வேண்டியது கருத்தடை வழியைத்தான். டிபி சிகிச்சையில் இருக்கும்போது கர்ப்பமாகிவிட்டாலும் பயந்து நிறுத்தாதீங்க, உடனே வந்து டாக்டரைப் பாருங்க. கர்ப்ப காலத்திலும் பாதுகாப்பாக டிபி சிகிச்சை கொடுக்க முடியும். சிகிச்சை இல்லாத டிபிதான் அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஆபத்து.

டாக்டர் "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டால், நோய்க்கான மாத்திரை மட்டும் இல்லை. கருத்தடை மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, எல்லாத்தையும் சொல்லுங்க. டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்க. அன்று நான் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் பெயர் சொல்லியே கேட்கிறேன். கணவரை ஒரு நிமிஷம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டும் கேட்கிறேன்.

23.
நேற்று அக்கா பொண்ணுக்கு இந்தக் கதையை போனில் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். கடைசியில் கேட்டாள்: "அப்போ அந்தக் கோழிக்காரர் கேன்சரைக் கண்டுபிடிக்கவே இல்லையா மாமா?"

"இல்லம்மா. அவர் தேடினது கிடைக்கலை. ஆனா கிடைச்சதை உண்மையா எழுதி வச்சார். அதை வச்சுத்தான் மத்தவங்க மேல போனாங்க."

"சரி. 2 மார்க்குக்கு இவ்ளோ எழுத முடியாது."

அதுவும் சரிதான். பரீட்சைக்கு மூணு வரி போதும். கதையை மட்டும் மறக்காதே என்றேன்.

டிபி மாத்திரை சாப்பிடும் பெண் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் 21-வது பதிவை மட்டுமாவது அவருக்கு அனுப்புங்க. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க. ஓபி முடித்துவிட்டு வந்து பதில் எழுதுகிறேன்.